கருப்பு முடிக்குப் பொன்னிறம் ஏறவில்லை, நீலம் மட்டும் ஏறுகிறது: ஏன்?

புதுமுகம் | ஜூன் 4, இரவு 9.12
ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தின் முடி நிறத்தை மாற்றப் பார்க்கிறேன். படத்தில் கருகரு முடி. முடியை மட்டும் செலக்ட் பண்ணி, மேலே சாலிட் கலர் லேயர் (ஒரே நிறம் நிரப்பிய அடுக்கு) வைத்து, பிளென்ட் மோடை (மேல் அடுக்கு கீழ்ப் படத்தோடு கலக்கும் விதம்) ‘கலர்’ ஆக்கினேன். பொன்மஞ்சள் கொடுத்தால் முடி அப்படியே கருப்பு, கொஞ்சம் அழுக்குப் பச்சை மட்டும் தட்டுகிறது. அதே லேயரில் நீலம் கொடுத்தால் பளீரென்று ஏறுகிறது. ஹ்யூ/சாச்சுரேஷனில் கலரைஸ் டிக் போட்டு லைட்னஸை +40 ஏற்றினால் முடி முழுக்கச் சாம்பல் புகை. மஞ்சளுக்கு மட்டும் என்ன பகை?

தூரிகை | ஜூன் 4, இரவு 9.50
மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம். கருப்பின் மேல் அதற்கு இடமில்லை.

ஃபோட்டோஷாப்பின் ‘கலர்’ மோடு கீழே இருக்கும் படத்தின் வெளிச்சத்தைத் தொடாது. நிறத்தையும் அதன் அடர்த்தியையும்தான் மேலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளிச்சத்தை அது கணக்கிடும் விதம்: சிவப்பில் 30%, பச்சையில் 59%, நீலத்தில் 11%. இந்தக் கணக்கில் சுத்த மஞ்சளின் (255, 255, 0; சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) வெளிச்சம் 227. சுத்த நீலத்தின் வெளிச்சம் 28 மட்டுமே. சுத்த சிவப்புக்கு 76.

உங்கள் படத்தில் முடியின் வெளிச்சம் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளை 227இலிருந்து 25க்கு இறக்கினால் கிடைப்பது (28, 28, 0). நீங்கள் பார்த்த அழுக்குப் பச்சை அதுதான். நீலம் 28இலிருந்து 25க்குத்தான் இறங்க வேண்டும், ஆகவே (0, 0, 227) என்று கிட்டத்தட்ட முழுசாகவே நிற்கும். சிவப்பு (83, 0, 0) ஆகும், அதாவது நல்ல மெரூன். கருமுடிப் படங்களில் மெரூனும் நீலமும் ஊதாவும் சுலபமாக ஏறி, பொன்னிறமும் தேன் நிறமும் ஏறாததற்குக் காரணம் இதுவே.

எனவே முதல் வேலை வெளிச்சத்தை ஏற்றுவது. நிறம் அதற்குப் பிறகுதான்.

புதுமுகம் | ஜூன் 4, இரவு 10.05
ஆனால் லைட்னஸை ஏற்றியபோதுதானே சாம்பல் வந்தது?

தூரிகை | ஜூன் 4, இரவு 10.31
லைட்னஸ் ஸ்லைடர் செய்வது வெள்ளையைக் கலப்பது. +40 என்றால் ஒவ்வொரு புள்ளியும் வெள்ளையை நோக்கி 40% நகரும். 25 போய் 117 ஆகும், 200 போய் 222 ஆகும். முன்பு இழைக்கும் இழைக்கும் நடுவே 175 இடைவெளி இருந்தது, இப்போது 105. நிழல் செத்துப்போனால் முடி தட்டையாகத்தான் தெரியும்.

கர்வ்ஸ் (ஒவ்வொரு வெளிச்ச நிலையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வளைகோடு) வையுங்கள். கருப்பு முனையை (0, 0) விட்டு நகர்த்தாதீர்கள். பொன்னிறத்துக்கு 20ஐ 45க்கும், 60ஐ 130க்கும், 120ஐ 190க்கும் தூக்குங்கள். வெள்ளை முனை 255இலேயே நிற்கட்டும். பழுப்புக்கு அவ்வளவு தேவையில்லை, 30ஐ 50க்கும் 80ஐ 110க்கும் கொண்டுபோனால் போதும். மெரூனுக்குக் கர்வ்ஸே இல்லாமல் பாதிப் படங்கள் ஒப்பேறிவிடும். இழைகளுக்கு நடுவே உள்ள இருட்டு இருட்டாகவே இருப்பதுதான் அடர்த்தியான முடி என்ற உணர்வைத் தருகிறது. அதனால்தான் கருப்பு முனையில் கைவைக்கக் கூடாது.

கர்வ்ஸையும் நிற லேயரையும் ஒரே குரூப்பில் போட்டு, மாஸ்க்கை (விளைவு எங்கே படலாம் என்று வரையறுப்பது: வெள்ளையில் படும், கருப்பில் படாது) குரூப்புக்கு ஒருமுறை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனி மாஸ்க் வைத்தால் ஓரத்தைத் திருத்தும்போது ஒன்றை மறப்பீர்கள். ஒன்று கவனம்: குரூப்பின் மோடு ‘பாஸ் த்ரூ’வாக இருக்க வேண்டும். அதை ‘நார்மல்’ ஆக்கினால் உள்ளே இருக்கும் கர்வ்ஸ் கீழேயுள்ள படத்தைப் பார்க்காது, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

கிம்ப்காரர் | ஜூன் 5, காலை 7.40
மேலே சொன்ன எண்கள் ஃபோட்டோஷாப்புக்கு மட்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் வழக்கமாகக் கைக்கு வரும் ‘எச்.எஸ்.எல். கலர்’ மோடு வெளிச்சத்தை வேறு விதமாக எடைபோடும்: மூன்று சேனல்களில் (சிவப்பு, பச்சை, நீலம்) பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதி. அதன் கண்ணுக்குச் சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே வெளிச்சம். 25 வெளிச்சமுள்ள முடியின் மேல் மஞ்சள் (50, 50, 0) ஆகும், நீலம் (0, 0, 50) ஆகும். இரண்டுமே மங்கல். கிம்ப்பில் நீலமும் எடுபடவில்லை என்று யாராவது சொன்னால் காரணம் இது.

2.10 பதிப்பிலிருந்து ‘எல்.சி.எச். கலர்’ என்ற மோடும் இருக்கிறது. கண் உணரும் வெளிச்சத்தை அது காப்பாற்றும், முடிக்கு அதுதான் சரி. மோடை மாற்றினாலும் கர்வ்ஸ் தேவை போகாது.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் கர்வ்ஸ் மாதிரியான ஃபில்டர்களை லேயரின் மேல் பிறகு திருத்தும்படி விட்டுவைக்கலாம். பழைய பதிப்பில் இருப்பவர்கள் லேயரை டூப்ளிகேட் பண்ணி, அதில் கர்வ்ஸ் போட்டு, மாஸ்க் வைக்க வேண்டும். அசலைத் தொடாதீர்கள்.

புதுமுகம் | ஜூன் 5, காலை 8.15
கர்வ்ஸ் வேலை செய்கிறது. ஆனால் இருட்டான இடங்களில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக வருகிறது. பெரிதாக்கினால் சதுரக் கட்டங்கள்.

தூரிகை | ஜூன் 5, காலை 9.02
ஜேபெக் தானே? அந்தக் கட்டங்கள் 8×8 புள்ளி அளவில் இருக்கும். ஜேபெக் சுருக்கம் அந்தக் கட்டம் கட்டமாகத்தான் நடக்கிறது, இருட்டில் இருக்கும் மெல்லிய வேறுபாடுகள் அதில் சுலபமாகத் தொலைந்துவிடும். நிறத் தகவலைப் பல கேமராக்களும் போன்களும் இன்னும் குறைத்து, அகலத்திலும் உயரத்திலும் பாதியாகச் சேமிக்கின்றன.

எண்ணிலும் பாருங்கள். 8 பிட் படத்தில் (சேனலுக்கு 256 நிலைகள்) 0 முதல் 60 வரை 61 நிலைகள்தான் உண்டு. அதை 130 வரை இழுத்தால் 131 இடங்களில் 70 காலி. இடைவெளி விட்ட சாயல் பட்டை பட்டையாகத் தெரியும், கூடவே இரைச்சலும் (தாறுமாறாகத் தெரியும் புள்ளிகள்) இரண்டு மடங்குக்கு மேல் பெருகும்.

வழிகள், நல்லதிலிருந்து:

ரா கோப்பு (கேமரா பதிந்த மூலத் தரவு) இருந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். 12 அல்லது 14 பிட் இருக்கும். கேமரா ராவில் அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூலத்தைப் பிறகும் திருத்தக்கூடிய லேயர்) திறந்து, ‘நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி’ கொடுத்து, மேல் பிரதியில் எக்ஸ்போஷரை +1.5 முதல் +2 வரை ஏற்றி, ஷேடோஸையும் கொஞ்சம் திறந்து, கலர் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கூட்டுங்கள். அந்தப் பிரதிக்கு முடி மாஸ்க். முகமும் பின்னணியும் கீழ் பிரதியிலிருந்து வரும். சாதாரண டூப்ளிகேட் போட்டால் இரண்டும் ஒரே கோப்போடு கட்டுண்டிருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்.

ஜேபெக் மட்டும்தான் என்றால், கர்வ்ஸுக்குக் கீழே படத்தின் ஒரு பிரதி வைத்து, 3 முதல் 5 பிக்சல் காஸியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுத்து, மோடை ‘கலர்’ ஆக்குங்கள். நிறத் திட்டு மட்டும் கரையும், இழையின் கூர்மை அப்படியே இருக்கும். இதற்கும் அதே முடி மாஸ்க் வேண்டும், இல்லாவிட்டால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் வழியும். கர்வ்ஸின் மோடை ‘லூமினாசிட்டி’ ஆக்குங்கள், நார்மலில் விட்டால் அது நிற அடர்த்தியையும் கூட்டிவிடும்.

கிம்ப்காரர் | ஜூன் 5, காலை 9.30
கோப்பை 16 பிட்டுக்கு மாற்றினால் போதுமா என்று அடுத்த கேள்வி வரும். மாற்றுங்கள், ஆனால் காணாமல் போன நிலைகள் திரும்பி வராது. இனிமேல் செய்யும் திருத்தங்களில் புதுப் பட்டைகள் விழாமல் இருக்கும், அவ்வளவே.

புதுமுகம் | ஜூன் 5, இரவு 8.44
திட்டு போய்விட்டது. இப்போது நிறம் இருக்கிறது, ஆனால் விக் வைத்த மாதிரி இருக்கிறது.

தூரிகை | ஜூன் 5, இரவு 10.10
ஒரே சாலிட் கலர் வைத்ததால். உண்மை முடியில் நிழல், நடு, பளபளப்பு மூன்றும் ஒரே நிறத்தின் மூன்று வெளிச்சங்கள் அல்ல. நிழல் பக்கம் நிறம் சூடாகவும் (செம்மஞ்சள் பக்கம் சாய்ந்து) அடர்த்தியாகவும் இருக்கும், வெளிச்சப் பக்கம் வெளுக்கும்.

பளபளப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று இழையின் மேல் செதிலிலிருந்தே தெறிப்பது. அது முடிக்குள் நுழையாததால் விளக்கின் நிறத்திலேயே இருக்கும், முடி கருப்பானாலும் சிவப்பானாலும் அந்தக் கோடு வெள்ளைதான். இன்னொன்று இழைக்குள் புகுந்து பின்சுவரில் மோதித் திரும்புவது. நிறமியைக் கடந்து வருவதால் அதற்கு முடியின் நிறம் ஏறும். செதில்கள் சற்றுச் சாய்ந்திருப்பதால் இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் விழாமல் இழையின் நீளத்தில் விலகி விழும். ஸ்டீபன் மார்ஷ்னரும் உடன் ஆய்ந்தவர்களும் 2003இல் இதை அளந்து, கணினி வரைகலைக்கான மாதிரியாக வெளியிட்டார்கள். திரையில் வரும் கணினி முடிக்கு அடிப்படையாக அமைந்த மாதிரிகளில் அது முக்கியமானது.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி: வெள்ளைக் கோட்டுக்கு நிறம் ஏற்றாதே. நிற லேயரில் டபுள் கிளிக் செய்து, ‘பிளென்ட் இஃப்’ பகுதியில் ‘அண்டர்லையிங் லேயர்’ என்ற பட்டையின் வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் அழுத்திப் பிளந்து, இடது பாதியை 170 அளவுக்கு இழுங்கள். வலது பாதி 255இலேயே இருக்கட்டும். 170க்கு மேல் நிறம் படிப்படியாகக் கழன்றுவிடும். பிளக்காமல் முழு முக்கோணத்தையும் இழுத்தால் பளபளப்பின் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும்.

சாலிட் கலருக்குப் பதில் கிரேடியன்ட் மேப் (நிழல், நடு, வெளிச்சம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுப்பது), மோடு ‘கலர்’, ஓப்பாசிட்டி 60 முதல் 80 வரை. தொடங்குவதற்கு மூன்று புள்ளிகள்:

மெரூன்: நிழல் (30, 8, 12), நடு (96, 22, 34), வெளிச்சம் (190, 110, 105)
பழுப்பு: (28, 18, 14), (98, 64, 42), (196, 158, 122)
பொன்னிறம்: (74, 54, 36), (172, 136, 92), (240, 222, 186)
ஆஷ் (சாம்பல் சாயல்): (40, 42, 46), (128, 130, 134), (222, 224, 226)

இவை நடுநிலையான பகல் வெளிச்சத்துக்கு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஆஷ் எண்களை அப்படியே வைத்தால் முகம் ஒரு அறையிலும் முடி வேறு அறையிலும் இருக்கும். முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள், அல்லது மூன்று புள்ளிகளையும் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். வேறொரு படத்திலிருந்து நிறம் எடுப்பதாக இருந்தால் ஐட்ராப்பரை ஒற்றைப் புள்ளியில் வைக்காமல் 5×5 சராசரியில் வையுங்கள். ஒற்றைப் புள்ளியில் இரைச்சல்தான் சிக்கும்.

சலூன் | ஜூன் 6, காலை 11.20
கட்டிங் கலரிங் வேலையிலிருந்து ஒரு குறிப்பு. வாடிக்கையாளருக்கு முன்கூட்டிக் காட்டத்தான் இந்தப் படம் என்றால், எண்களைக் கொஞ்சம் சூட்டுப் பக்கம் வையுங்கள். முடியின் ஆழத்தை 1 (கருப்பு) முதல் 10 (மிக வெளிர் பொன்) வரை எண்ணுகிறோம். கருமுடியை வெளுக்கும்போது அது நேரே மஞ்சளாவதில்லை. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று அந்த வரிசையில்தான் திறக்கும். 6, 7ஆம் நிலையில் நிறுத்தினால் அடியில் செம்மஞ்சள் இருக்கும், மேலே என்ன டோனர் (சாயலைத் திருத்தும் மென்சாயம்) போட்டாலும் அதன் சாயல் நிற்கும். 12% பெராக்சைடு, அதாவது 40 வால்யூம், வைத்த சாயம்கூட இயற்கை முடியை நான்கு நிலைக்கு மேல் தூக்குவது அரிது. ஏற்கெனவே சாயம் போட்ட முடியில் புதுச் சாயம் நிறத்தை வெளுக்காது, அதற்கு பிளீச் வேண்டும். திரையில் 1இலிருந்து 9க்கு ஒரே கர்வ்ஸில் தாவிவிட்டு, குளிர்ந்த ஆஷ் போட்டுக் காட்டினால் நாற்காலியில் உட்காருகிறவர் ஏமாந்து போவார்.

தூரிகை | ஜூன் 6, மதியம் 1.05
இது படத்துக்கும் உதவும். பொன்னிறத்தில் நடுப்புள்ளியை மட்டும் செம்மஞ்சள் பக்கம் நகர்த்திப் பாருங்கள், (172, 136, 92)க்குப் பதில் (176, 128, 80). கருமுடிக்காரரின் முகத்தோடு அது உடனே பொருந்தும். வேரில் ஒரு விரல் அகலத்துக்கு மாஸ்க்கை 40 முதல் 50% சாம்பலால் மென்மையாகத் தடவினால் இயற்கை வளர்ச்சி தெரியும், உச்சந்தலை வகிடும் திட்டாக எரியாது.

புருவத்தை மறக்கவே கூடாது. முடி பொன்னிறம், புருவம் மைக்கருப்பு என்றால் கண் முதலில் அங்கேதான் போகும். அதே குரூப்பை டூப்ளிகேட் பண்ணி, மாஸ்க்கில் புருவத்தை மட்டும் வைத்து, ஓப்பாசிட்டி 30 முதல் 50. முடியைவிட ஒன்றிரண்டு படி இருட்டாக நிற்கட்டும். மெரூனுக்கும் நீலத்துக்கும் புருவத்தைத் தொட வேண்டாம், நிஜத்திலும் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை.

புதுமுகம் | ஜூன் 6, இரவு 9.33
ஓரம்தான் இப்போது பிரச்சினை. நெற்றியில் பறக்கும் சின்ன முடிகளைச் சுற்றி மஞ்சள் புகை. இன்னொரு பக்கம் பச்சைச் செடி பின்னணியில் கருப்பு ஓரம் மிச்சம்.

கிம்ப்காரர் | ஜூன் 6, இரவு 10.20
இரண்டு நோய், மருந்து வேறு வேறு.

நெற்றியில் மாஸ்க் தோல்மேல் வழிந்திருக்கிறது. முடிக்கும் தோலுக்கும் நடுவே மாஸ்க் வெட்ட ரெட் சேனலைப் பயன்படுத்துங்கள். எல்லாத் தோல் நிறத்துக்கும் சிவப்புச் சேனல்தான் வெளிச்சமானது, கருமுடி அதிலும் இருட்டு. வானத்துக்கு எதிரான ஓரம் என்றால் ப்ளூ சேனல். சேனலைப் பிரதி எடுத்து, லெவல்ஸில் கருப்பை 40க்கும் வெள்ளையை 140க்கும் கொண்டுவந்து, நிறத்தைத் தலைகீழாக்குங்கள் (ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல் + ஐ). முடி வெள்ளையாகத் தெரியும். மிச்சத்தை ஓவர்லே மோடில் வைத்த வெள்ளை, கருப்பு பிரஷ்ஷால் தடவுங்கள். அந்த மோடில் வெள்ளை பிரஷ் வெளிர் சாம்பலை வெள்ளையாக்கும், சுத்தக் கருப்பைத் தொடாது. சாதாரண பிரஷ்ஷால் தடவினால் மெல்லிழை எல்லாம் ஒட்டிப்போகும். கண்ணும் கழுத்து நிழலும் சேனலில் கூட வந்திருக்கும், அவற்றை லாஸோவால் சுற்றிக் கருப்பு நிரப்பிவிடுங்கள். கிம்ப்பில் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவியும் உண்டு, ஆனால் நெற்றி முடிக்குச் சேனல் வழிதான் நிதானமானது.

தூரிகை | ஜூன் 7, காலை 6.55
ஃபோட்டோஷாப்பில் இருப்பவர்கள் ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ போய் ரிஃபைன் ஹேர் பட்டனை முதலில் அழுத்திப் பார்க்கலாம். அங்கே ‘டீகன்டாமினேட் கலர்ஸ்’ டிக்கை மட்டும் போடாதீர்கள். அது ஓரப் புள்ளிகளின் நிறத்தையே மாற்றிப் புது லேயராகக் கொடுக்கும். பின்னணியை மாற்றுவதற்கு அது நல்லது. நாம் முடியைப் பழைய பின்னணியிலேயே விடுகிறோம், நமக்கு மாஸ்க் மட்டும் போதும்.

லைட்ரூம் (அடோபியின் இன்னொரு படத்திருத்த மென்பொருள்) என்றால் 2022 அக்டோபரில் வந்த ‘செலக்ட் பீப்பிள்’ மாஸ்க்கில் ஹேர் என்று தனியாகவே டிக் உண்டு. பழுப்பு, மெரூன் அளவுக்கு அது போதும். பொன்னிறத்துக்குப் போதாது.

செடிப் பக்கம் மிஞ்சிய கருப்பு ஓரம்: அங்கே ஒவ்வொரு புள்ளியும் பாதி முடி, பாதி இலை. மாஸ்க்கை விரித்தால் இலையும் மஞ்சளாகும், சுருக்கினால் கருப்பு நிற்கும். நடுவில் மாஸ்க் எண் எதுவும் சரிவராது. மேலே ஒரு வெற்று லேயர் வைத்து, 1 முதல் 2 பிக்சல் பிரஷ், பேனா அழுத்தத்துக்கு மெலியும்படி வைத்து, முடி வளரும் திசையிலேயே வேரிலிருந்து நுனிக்கு இழுத்துச் சில இழைகளைப் புது நிறத்தில் வரையுங்கள். நிறத்தைப் பக்கத்து இழையிலிருந்தே எடுங்கள். ஓரம் முழுக்க வரைய வேண்டாம், கண் தங்கும் நாலைந்து இடம் போதும்.

புதுமுகம் | ஜூன் 7, காலை 10.40
இவ்வளவுக்குப் பதில் ஏ.ஐ. கருவியில் ‘முடியைப் பொன்னிறமாக்கு’ என்று எழுதிவிட்டால்?

தூரிகை | ஜூன் 7, காலை 11.15
அது நிறத்தை மாற்றுவதில்லை, முடியைப் புதிதாக வரைகிறது. சுருள் இடம் மாறும், வகிடு நகரும், காதோரம் மறையும். அறிமுகமில்லாத முகம் என்றால் தெரியாது. சொந்தக்காரர் பார்த்தால் ஏதோ சரியில்லை என்பார். பயன்படுத்தினால் அந்த வெளியீட்டை மேலே வைத்து மோடை ‘கலர்’ ஆக்கி, நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இழையை உங்கள் படத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். கர்வ்ஸ் அப்போதும் நீங்கள்தான் போட வேண்டும்.

சலூன் | ஜூன் 7, மாலை 5.00
எதிர்த்திசையும் கேட்பார்கள். நரைமுடியைக் கருப்பாக்க?

தூரிகை | ஜூன் 7, மாலை 6.25
அது சுலபம், வெளிச்சத்தை இறக்குவதில் இரைச்சல் வராது. நரைக்கு நிறமே கிடையாது, அதனால் ‘ஹ்யூ’ மோடில் எந்த நிறம் வைத்தாலும் எடுபடாது. அந்த மோடு கீழேயுள்ள நிற அடர்த்தியை அப்படியே வைத்துக்கொள்ளும், இங்கே அடர்த்தி பூஜ்யம். ‘கலர்’ மோடுதான் வேண்டும். கர்வ்ஸில் 200ஐ 60க்கு இறக்குங்கள், 245க்கு மேல் விட்டுவிடுங்கள், பளபளப்பு பிழைக்கும். வெள்ளை முனையையே இறக்கினால் முடி கரி பூசினாற்போல் ஆகும். பொன்னிற முடியைக் கருப்பாக்கினால் மட்டும் முதலில் சாச்சுரேஷனை -60 வரை குறையுங்கள். இல்லாவிட்டால் இருட்டில் மஞ்சள் பச்சையாகத் தெரியும்.

அச்சுக்கூடம் | ஜூன் 8, காலை 9.10
ஆல்பத்துக்கு அச்சடிக்கப் போகிறவர்கள் நீலமுடி, ஊதாமுடியை முடிவு செய்யும் முன் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) போட்டுப் பாருங்கள், கண்ட்ரோல் + ஒய். திரையின் (0, 0, 227) நான்கு வண்ண அச்சில் கிடையாது, ஊதா மங்கி வரும். அச்சகத்தின் ப்ரொஃபைலை (அவர்கள் அச்சின் நிற வரம்பைச் சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி வையுங்கள். இணையத்தில் மட்டும் போடுவதானால் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு (இணையத்தின் பொது நிற அளவுகோல்) ‘கன்வெர்ட்’ செய்து சேமியுங்கள். ‘அசைன்’ வேண்டாம், அது எண்ணை அப்படியே விட்டுவிட்டு அர்த்தத்தை மாற்றிவிடும், தோல் நிறமும் சேர்ந்து மாறும்.

புதுமுகம் | ஜூன் 8, இரவு 8.02
20ஐ 45, 60ஐ 120, நடுப்புள்ளி (176, 128, 80), ஓப்பாசிட்டி 70, பிளென்ட் இஃப் 165. புருவம் 35%. பின்கழுத்தில் முடி நிழல் விழும் இடம் மட்டும் இன்னும் பழைய நீலக்கருப்பாகத் தெரிகிறது.

தூரிகை | ஜூன் 8, இரவு 8.30
அது முடி வழியாக வடிந்து வரும் வெளிச்சம் படும் இடம். பொன்னிற முடி வெளிச்சத்தைக் கடத்தும், கருமுடி தடுக்கும். ஆகவே நிழல் கொஞ்சம் திறந்து சூடாக வேண்டும். புது லேயர், சாஃப்ட் லைட் மோடு, (176, 128, 80), மென்மையான பெரிய பிரஷ், ஃப்ளோ 5%, இரண்டு மூன்று தடவல். காதுக்குப் பின்னாலும் அதே.

புதுமுகம் | ஜூன் 8, இரவு 9.14
சரியாகிவிட்டது. பி.எஸ்.டி.யை (ஃபோட்டோஷாப் கோப்பு) லேயரோடு வைத்திருக்கிறேன், கிரேடியன்ட் மேப்பை மட்டும் மாற்றி மெரூனும் எடுக்கலாம் என்று.

தூரிகை | ஜூன் 8, இரவு 9.20
மெரூனுக்குக் கர்வ்ஸ் லேயரின் ஓப்பாசிட்டியை 20க்கு இறக்கிவிட்டு மாற்றுங்கள். பொன்னிறத்துக்கு ஏற்றிய வெளிச்சத்தில் மெரூன் போட்டால் இளஞ்சிவப்பாகிவிடும்.